மட்டக்குதிரைக் குட்டியும் வினைக் கணக்கும்

நோயுறும் விலங்கின் துன்பம் அது முற்பிறவியில் ஈட்டிய வினையின் பயனே என்று கொள்ளும் சமயம், அத்துன்பத்தை மருந்தால் தணிப்பவரை வினையின் போக்கில் குறுக்கிடுபவர் என்று கருதுமா, தம் கடமையைச் செய்தவர் என்று கருதுமா என்பது சைவ மரபினர் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. மனிதர் தம் விருப்பத்துக்காகவே குள்ளமாக்கி வளர்த்த குதிரையின் குட்டியை முன்வைத்துக் கேட்கும்போது அது மேலும் கூர்மை பெறுகிறது. குட்டையான குதிரைக்கு மட்டக்குதிரை என்ற சொல் தமிழில் உண்டு. அமெரிக்கச் சங்கம் ஒன்றின் அளவுப்படி தோளுயரம் 34 அங்குலத்துக்கு மேற்படாத ‘மினியேச்சர்’ வகை, வழக்கமான மட்டக்குதிரையினும் சிறியது.

மலாயாவின் கோலா பிலா வட்டாரத் தோட்டங்களில் குடியேறிய தமிழர், லயம் எனப்படும் வரிசைவீடுகளின் கொல்லையில் வளர்த்தவை மாடும் ஆடும் கோழியுமே. சுமாத்திராவிலிருந்து மலாயாவுக்கு வந்த தெலி மட்டக்குதிரைகள் நகரங்களில் வாடகை வண்டி இழுத்தன. பால்மரக் காட்டின் ஓரத்தில் காவல் தெய்வமான முனியாண்டிக்கு வாகனமாக நின்றதோ சிமெண்டுக் குதிரை, அதற்குத் தீனியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், திருவிழாவுக்கு முன் ஒரு பூச்சு வண்ணம் போதும். ஆயினும் மாடு ஈன்றதும் சுரக்கும் கெட்டியான முதற்பாலாகிய சீம்பாலில் முதற்பங்கு கன்றுக்கே உரியது என்று அறிந்தவருக்குக் குதிரைக்குட்டியின் முதல் நாளை விளக்குவது கடினமன்று.

கருவிலிருக்கும் குட்டிக்குத் தாய்க்குதிரையின் நஞ்சுக்கொடி வழியாக நோயெதிர்ப்புப் புரதங்கள் செல்வதில்லை. அவற்றைச் சீம்பாலிலிருந்துதான் குட்டி பெறவேண்டும், அவற்றை உள்வாங்கும் குடலின் ஆற்றலோ பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அற்றுப்போகிறது. எனவே ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று, இரண்டு மணி நேரத்தில் முலை பற்றாத குட்டிக்கு ஆள் துணை தேவைப்படுகிறது. தொப்புளில் கிருமிநாசினி தடவுதலும் அந்த முதல் நாளுக்கே உரியது. குதிரைகளை எளிதில் தாக்கும் இசிவுநோய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், குளம்பு சீவுதல் ஆகியவை பின்னர் உரிய காலத்தில் வருபவை. முதல் நாள் மட்டும் திரும்பி வராது.

இவ்வறிவு இல்லாவிடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், பேணத் தெரியாமையே அதற்குக் காரணம் என்றும், லாடம் அடிப்போர் அங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் எழுதினார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். அக்குதிரைகளின் சாவை அவற்றின் வினை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த விடை வணிகருக்கே மிகவும் வசதியானது.

அதே நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞானபோதத்தைத் தந்தார். உயிர் தான் புகும் உடலின் அளவினது, யானையில் பெரிதாகவும் எறும்பில் சிறிதாகவும் விரிந்து சுருங்கும் என்பது சமணர் கொள்கை. சைவ சித்தாந்தம் அதை ஏற்காமல், உயிர் எங்கும் நிறையும் இயல்புடையது, மலம் எனப்படும் உயிரழுக்கால் கட்டுண்டு உடலளவில் ஒடுங்கித் தோன்றுகிறது என்றது. இக்கொள்கைப்படி 34 அங்குலக் குதிரையினுள் இருப்பது சிற்றுயிர் அன்று; அதனைப் பொம்மைபோல் நடத்துவதற்குத் தத்துவத்தில் இடமில்லை. வினை குறித்த தடைக்கு வடலூர் வள்ளலார் (1823–1874) ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் விடை தருகிறார்: குற்றவாளிகளைச் சிறையிலிட்ட அரசனே தன் ஏவலர் வழியாக அவர்களுக்கு உணவளிக்கிறான், ஆதலால் வினையால் வருந்தும் உயிருக்கு உதவுவது இறைவன் ஆணைக்கு மாறானதாகாது. மனிதர் தமக்கென வைத்துப் பயன்கொள்ளும் விலங்குகளின் பசியை உடையவரே நீக்கவேண்டும் என்பதும் அந்நூலின் கருத்து.

ஆனால் வள்ளலாரின் உவமை ஓரிடத்தில் போதாமல் போகிறது, ஏனெனில் அங்கே உதவுபவர் சிறையைக் கட்டியவர் அல்லர். மினியேச்சர் குதிரைகளில் பிறவிக் குறுமையை உண்டாக்கும் மரபணுக் குறைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒரே குறையை வெளித்தெரியாமல் சுமக்கும் ஆணும் பெண்ணும் இணைந்தால், கோணிய கால்களும் சீரற்ற தாடையும் கொண்ட குட்டி பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சோதித்தறிய வழி இருந்தும் அவ்விரண்டையும் சேர்த்துவைப்பவர், குட்டியின் நோவைப் பிராரத்தம், அதாவது இப்பிறவியில் நுகர வந்த பழவினை, என்று சொல்லி ஒதுங்க முடியாது. ஆகாமியம் எனப்படும் புதுவினை குட்டி பிறப்பதற்கு முன்பே அவர் பெயரில் தொடங்கிவிடுகிறது.