மண்தானே என்னலாமோ?

திருக்கோயில்களில் ப்ரஹ்மோத்ஸவம் த்வஜாரோஹணத்தோடு தொடங்குவதாகவே பெரும்பாலோர் கருதுவர். அதற்கு முன்னதாகவே ஒரு முக்கியமான காரியம் நடந்தேறிவிடுகிறது. சேனை முதலியார் எழுந்தருள, பூமியினின்று மண் எடுக்கப்படுகிறது. ம்ருத்ஸங்க்ரஹணம் என்பது அதன் பெயர். அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டு, தான்யங்களை விதைத்து, அங்குரார்ப்பணம் செய்த பின்னரே மற்றவை யாவும். பல தலங்களில் அப்பாலிகைகள் இன்றும் மண்ணால் ஆனவையே. ஆகவே கொடி ஏறுவதற்கு முன்பே, ஒரு பிடி மண்ணும் குயவர் கை பட்ட சிறு பாண்டங்களும் எம்பெருமான் உத்ஸவத்தில் தமக்குரிய இடத்தைப் பெற்றுவிடுகின்றன.

இத்தகைய ஏற்றம் பெற்ற மண்பாண்டத்தைக் கடையில் காணும்போது மட்டும், "மண்தானே! இதற்கா இவ்வளவு விலை?" என்ற சொல் பலர் நாவில் எளிதாக எழுகிறது. அச்சொல் தர்மத்திற்கு ஒத்ததுதானா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி முதலிய ஊர்களிலிருந்து திருவஹீந்திரபுரம் சென்று தேவநாதனை ஸேவித்து வரும் அடியார்கள், திரும்பும் வழியில் புதுச்சேரியைக் கடக்கின்றனர். அந்நகரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் கையால் பாண்டம் வனையும் சிறு கூடங்கள் உண்டு. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்ற கூடத்தை நிறுவினர். அங்குப் பயின்றோர் பலர் பின்னர்த் தத்தமக்கெனக் கூடங்கள் அமைத்துக்கொண்டனர். இவ்வாறு அப்பகுதியில் வேரூன்றியதே ஸ்டோன்வேர் என்னும் பாண்டக்கலை.

இல்லங்களில் உள்ள பழுப்பும் வெள்ளையுமான ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொண்டால் இவ்வினம் இன்னதென்று விளங்கும். மாக்கல்லைக் குடைந்து செய்யும் கல்சட்டி வேறு. இது மண்ணேயாயினும் நெருப்பினால் கல்லின் தன்மையை அடைந்தது. சாதாரண மண்பானை சுமார் 800 முதல் 1,000 டிகிரி வரையிலான சூட்டில் வேகிறது. அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஸ்டோன்வேரோ 1,200 முதல் 1,300 டிகிரி வரையிலான சூட்டைக் காண்கிறது. அந்நிலையில் மண்ணின் கூறுகள் சில உருகி, துளைகளை அடைத்து இறுகுகின்றன. ஆதலால் நீர் கசிவதில்லை. உப்பும் புளிப்பும் அதனை அரிப்பதில்லை.

அத்தகைய கிண்ணம் ஒன்று உருவாவதற்கு, மண்ணைக் கரைத்து வடித்து, காற்றுக் குமிழி தங்காதபடி பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, மெல்ல உலர்த்தி, ஒருமுறை சுட்டு, மெருகுப் பூச்சில் தோய்த்து, மீண்டும் சுட வேண்டும். இத்தனையும் செய்த பின்னும் சூளையில் சில கோணும், சில வெடிக்கும். பிழைத்து வந்த கிண்ணத்தின் விலையில், பிழைக்காத கிண்ணத்தின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. இதனை அறியாமல் "மண்தானே" என்பவர், கண்ணுக்கு எதிரே உள்ளதைக் காணாதவராகிறார்.

வேதாந்தத்தில் மண்ணும் குடமும் பெரிய விசாரத்திற்குரியவை. சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் தம் குமாரர் ச்வேதகேதுவுக்கு உபதேசிக்கும்போது, ஒரு மண்ணுருண்டையை அறிந்தால் மண்ணாலான அனைத்தும் அறியப்பட்டனவாகும் என்று த்ருஷ்டாந்தம் காட்டுகிறார். இதனைக் கொண்டு, மண்ணே மெய், குடம் வெறும் பெயரளவே என்று கொள்வாரும் உளர். ஸ்ரீபாஷ்யகாரர் அவ்வாறு கொள்ளவில்லை. மண் என்னும் த்ரவ்யமே வேறோர் அவஸ்தையை அடைந்து, தண்ணீர் கொணர்தல் போன்ற வ்யவஹாரத்தின் பொருட்டுக் குடம் என்னும் பெயரையும் வடிவையும் பெறுகிறது. குடம் மண்ணினும் வேறான த்ரவ்யமன்று, ஆயினும் அது பொய்யுமன்று என்பது அவர் திருவுள்ளம். மண்ணுருண்டையில் நீர் முகக்க இயலுமா? இயலாது. குடத்தில் இயலும். இயலச் செய்த அந்த வடிவம் மெய்யானதே.

இந்த ஸித்தாந்தத்தைக் காலக்ஷேபத்தில் தலையசைத்துக் கேட்ட ஒருவர், மறுநாள் பாண்டம் விற்பவரிடம் "மண்தானே" என்று சொல்வாராயின், அவர் தம் ஆசார்யருடைய பக்ஷத்தைக் கடைவீதியிலே கைவிட்டவராகிறார் அன்றோ!

எம்பெருமானோ ஜகத்துக்கு உபாதான காரணமும் நிமித்த காரணமும் தானேயாய் நிற்பவன். குயவர் நிமித்தம் மாத்திரமே. மண்ணை அவர் படைக்கவில்லை. இதைச் சொல்லியே அவர் பங்கைக் குறைக்கவும் சிலர் முற்படலாம். சற்று எண்ணினால் இது அவருக்கே சாதகமாகும். மண் எல்லோருக்கும் பொதுவாக எம்பெருமான் அளித்தது. மண்பாண்டத் தொழிலாளர் ஏரி, குளங்களின் வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் வழியைத் தமிழக அரசும் 2024-ஆம் ஆண்டில் செய்தது. எனவே மண்ணுக்கு விலையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வாங்குபவர் கொடுக்கும் காசு முழுவதும் கைக்கும் நெருப்புக்கும் காலத்துக்கும் உரியதாகிறது. அதில் குறைப்பது அக்கையின் கூலியைக் குறைப்பதே.

பாண்டத்தைப் பெரியோர் எவ்வாறு மதித்தனர் என்பதற்கு ததிபாண்டன் வரலாறு போதும். வெண்ணெய் களவு கண்டு ஓடிவந்த கண்ணன் தயிர்த்தாழிக்குள் ஒளிந்தான். தாழியின் வாயை அடைத்து அமர்ந்த ததிபாண்டன், தனக்கு மட்டுமன்றித் தன் தாழிக்கும் மோக்ஷம் வேண்டினான், பெற்றும் விட்டான். திருக்கோளூர் பெண்பிள்ளை ரகஸ்யத்தின் எண்பத்தொரு வார்த்தைகளுள் ஒன்றில் அவன் நினைவு இடம் பெற்றுள்ளது. திருமலையின் அருகே வாழ்ந்த குறும்பறுத்த நம்பி என்னும் குயவர், பாண்டம் வனையும்போது கையில் எஞ்சிய மண்ணையே பூவாகச் செய்து ஸமர்ப்பித்தார். தொண்டைமான் சக்ரவர்த்தி இட்ட பொன்மலர்களோடு அந்த மண்மலர்களும் திருவேங்கடமுடையான் திருவடியில் விளங்கின என்பர். திருமலையில் இன்றும் எம்பெருமானுக்குத் தயிரன்னம் மண்ணோட்டிலே அமுது செய்விக்கப்படுகிறது.

இனி, இவ்விசாரத்தில் மிகவும் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புதுச்சேரிக் கூடத்தில் அழகாக அடுக்கி, விலைச்சீட்டு ஒட்டி வைத்த கிண்ணத்தை, முதலில் சற்று முணுமுணுத்தாலும், கேட்ட விலைக்கே வாங்கிவிடுவோர் பலர். அவரே ஊர் திரும்பி, தை பிறக்கும் முன்னாட்களில் பூந்தமல்லிச் சாலையோரத்தில் பொங்கல் பானை விற்கும் முதியவளிடம் பத்து ரூபாய்க்காகப் பத்து நிமிஷம் வாதாடுகிறார். அங்கே வாதாட நா எழவில்லை, இங்கே எழுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பானை உலராது, சூளை எரியாது. அம்மாதங்களைப் பட்டினியின் விளிம்பில் கடந்து, மார்கழிக்குள் அவசரமாக வனைந்து சுட்டுக் கொண்டுவந்த பானை அது. அப்படியாயின் அங்கே மதிக்கப்பட்டது கைத்திறனா, அல்லது விற்பவரின் அந்தஸ்தா? கைத்திறனை மதித்தவர் இரண்டு இடத்திலும் மதித்திருப்பார்.

"இல்லறத்தான் சிக்கனமாக இருப்பதும் தர்மந்தானே?" என்று கேட்கலாம். உண்மைதான். விலை கேட்பதும், கைக்கு எட்டாவிடில் வாங்காமல் வருவதும் குற்றமல்ல. பொருளைத் தாழ்த்திப் பேசி, செய்தவரின் மனத்தைத் தளரச் செய்து, அந்தத் தளர்ச்சியில் ஆதாயம் தேடுவதே குற்றம். அதேபோல், அதிக விலை கொடுத்து வாங்கிய கிண்ணத்தைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, வந்தவரிடம் விலையைச் சொல்லிப் பெருமை கொள்வதும் சிறப்பன்று. வ்யவஹாரத்திற்காகப் பெயரும் வடிவும் பெற்றது பாண்டம். அதில் மோரோ தீர்த்தமோ வைத்து ஒரு பாகவதருக்கு அளித்தால்தான் குயவர் பட்ட பாடு பயன் பெறும்.

பூந்தமல்லிக்கு அருகே உள்ள திருமழிசையில் இது எளிதில் விளங்க வேண்டிய விஷயம். பார்கவ மஹர்ஷியின் குமாரராய் அவதரித்த ஆழ்வாரைப் பிரம்பந்தூற்றில் கண்டெடுத்து வளர்த்தவர் திருவாளன், பிரம்பறுத்துப் பிழைத்தவர். வேதாந்த ஸாரத்தைத் தமிழில் அருளிய மஹான், கைத்தொழில் செய்யும் ஏழையின் இல்லத்தில் வளர்ந்தார். அவருடைய திருநக்ஷத்ரமான மகம், பொங்கல் பானைகள் பொங்கும் அதே தை மாதத்தில் அமைந்திருப்பதையும் அடியார்கள் நினைவில் கொள்ளலாம்.

உத்ஸவம் நிறைவுற்றதும், முளைத்த பயிரைத் தாங்கிய பாலிகை மீண்டும் நீரையும் மண்ணையும் சென்று சேரும். நாளடைவில் அதன் வடிவம் மறையலாம். ஆயினும் உத்ஸவ நாட்களில் எம்பெருமானுக்காக விதையை ஏந்தி நின்றது அவ்வடிவமே. உத்ஸவம் ஸேவித்துத் திரும்பும் யாத்ரிகர், வழியோரத்தில் ஒரு பானையைக் கையில் எடுக்கும்போது, அதன் புறத்தே பதிந்துள்ள விரல் தடத்தை ஒரு கணம் நோக்குவாராக. பின்னர், "என்ன விலை, அம்மா?" என்று கேட்டு, அவள் சொன்னதைக் கொடுப்பாராக. அதுவும் உத்ஸவத்தின் ஓர் அங்கமே ஆகும்.

சுபம்.