இருவர் செய்த வினை

2006க்கு முன்னால் இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு சர்வீஸ் இருந்தது. முதல் ஆள் தவறவிட்டால் பாயிண்ட் போகாது. சர்வீஸ் பார்ட்னர் கைக்கு வரும். அவளும் விட்டால்தான் எதிரணிக்குப் போகும். ஆட்டம் தொடங்கும்போது மட்டும் ஒரே சர்வீஸ். அண்ணாமலை நகரில் படித்த காலத்தில் நானும் என் தோழியும் ஆடியது அந்த ஆட்டம்தான். என் தப்பு என்னோடு, அவள் கணக்கு அவளோடு என்று அதில் ஒரு நிம்மதி உண்டு. 21 பாயிண்ட் முறை வந்ததும் அந்த இரண்டாவது சர்வீஸ் போய்விட்டது. இப்போது யார் கையில் தவறினாலும் சர்வீஸும் போகிறது, எதிரணிக்குப் பாயிண்டும் போகிறது. ஆட்டத்தை விறுவிறுப்பாக்கச் செய்த மாற்றம் என்பார்கள். எனக்கு அது வினையைப் பற்றிய விதியே மாறியதுபோலப் பட்டது.

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. வீடு சிதம்பரத்தில். வாரக் கடைசியில் பஸ் ஏறிக் கடலூர் போய்ச் சில பெண் பிள்ளைகளுக்கு ஷட்டில் சொல்லித்தருகிறேன். கடல் காற்றில் வெளியே ஆட முடியாது; கூரை போட்ட இடம் வேண்டும். அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “மிஸ், நெட்ல அடிச்சது அவ. நான் சரியாத்தானே நின்னேன்? எனக்கு எதுக்குப் பாயிண்ட் போகணும்?”

சின்னப் பிள்ளையின் சிணுங்கல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எழுநூறு ஆண்டுக்கு மேலாக இந்த மண் கேட்டுவரும் கேள்வி இது. சைவ ஆசிரியர் மெய்கண்டார் பிறந்த பெண்ணாடம் இதே கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தைத் தந்தார். வினை அறிவில்லாதது, தானாக யாரையும் தேடிப் போகாது, செய்தவனிடம் அதன் பயனைக் கொண்டு சேர்ப்பவன் இறைவன் என்பது சைவ சித்தாந்தம். உயிர்கள் பல, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வினை. அடுத்த நூற்றாண்டில் சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் இருந்த உமாபதி சிவமும் அந்த வழியில்தான் நூல்கள் செய்தார். இதையெல்லாம் நான் முழு மனதோடு நம்புகிறவள். ஆனால் வினை என்று பேச்செடுத்தாலே செய்தவன் ஒருவன் என்றுதான் நம் மனம் எடுத்துக்கொள்கிறது. இருவர் சேர்ந்து ஒன்றைச் செய்தால்? ஆளுக்குப் பாதி என்று வீட்டுக் கணக்கு சொல்லும். அந்தப் பாதியைத்தான் நான் ஏற்கவில்லை.

இந்திய இரட்டையர் ஜோடியான ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஜுவாலா இடது கை, அஸ்வினி வலது கை. இப்படி ஒரு ஜோடி தடுப்பாட்டத்தில் பக்கம் பக்கமாக நிற்கும்போது, இடது கைக்காரி வலப்புறம் நின்றால் இருவருடைய ஃபோர்ஹேண்டும் நடுவில் வந்து சேரும். இடம் மாறினால் இருவருடைய பேக்ஹேண்டும் நடுவில் வரும். நடுவில் வருகிற பந்து யாருடையது என்பதுதான் இரட்டையர் ஆட்டத்தின் பெரிய கேள்வி. இருவரும் போனால் ராக்கெட் மோதும். இருவரும் நின்றால் பந்து தரையில் விழும். தெரிந்த ஜோடிக்கு அந்தக் கேள்வியே எழாது. ஒருத்தி அசைவாள், மற்றவள் அவள் விட்ட இடத்துக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பாள். அந்த அடியை அடித்தது யார்? கையைப் பார்த்தால் ஒருத்தி. ஆட்டத்தைப் பார்த்தால் இருவரும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இவர்கள் ஜப்பான் ஜோடியிடம் தோற்றார்கள். சீன தைபே ஜோடியை 25-23, 16-21, 21-18 என்று மூச்சு முட்ட வென்றார்கள். சிங்கப்பூரையும் வென்றார்கள். பிரிவில் மூன்று ஜோடிகளுக்கு இரண்டிரண்டு வெற்றி. கடைசியில் ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் காலிறுதி கைநழுவிப் போனது. ஜப்பான் ஜோடி தைபேயிடம் தோற்றதை விசாரிக்க வேண்டும் என்று இந்தியத் தரப்பு முறையிட்டது, அது ஏற்கப்படவில்லை. அந்த ஜப்பான் ஜோடி வெள்ளிப் பதக்கம் வரை போயிற்று. அந்த ஒரு பாயிண்ட் யார் விட்டது? மூன்று ஆட்டத்தையும் பந்து பந்தாகப் பிரித்தாலும் சொல்ல முடியாது. ஆனால் இருவருமே வெளியேறினார்கள். அரை ஆள் உள்ளே, அரை ஆள் வெளியே என்று அங்கே எதுவும் இல்லை.

அதே போட்டியில், ஜூலை 31 அன்று வெம்ப்ளி அரங்கில் வேறொன்று நடந்தது. அடுத்த சுற்றில் எளிய எதிரணி கிடைக்கட்டும் என்று சீனா, இந்தோனேசியா, தென்கொரியாவின் இரண்டு என நான்கு ஜோடிகள் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தன. சர்வீஸை நெட்டில் போட்டார்கள், கூட்டம் கூச்சலிட்டது. மறுநாள் எட்டுப் பேரும் நீக்கப்பட்டார்கள். நெட்டில் போட்டவள் மட்டும்தானே குற்றவாளி, சும்மா நின்றவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் அந்தச் செயலின் முழுப் பாகம்தான். அப்போது நீக்கப்பட்ட இந்தோனேசியாவின் கிரேசியா போலி, 2021 ஆகஸ்ட்டில் டோக்கியோவில் அப்ரியானி ரஹாயுவோடு தங்கம் வென்றார். லண்டன் தண்டனையில் அப்ரியானிக்குப் பங்கு இல்லை. டோக்கியோ தங்கத்திலோ அவருக்குக் குறைவே இல்லை.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஜுவாலாவும் அஸ்வினியும் தங்கம் வென்றபோது பதக்கப் பட்டியலில் இந்தியாவுக்கு ஏறியது ஒன்று. ஆனால் கழுத்தில் போட்டது இரண்டு. பதக்கத்தை யாரும் நறுக்கிக் கொடுப்பதில்லை. ஆளுக்கு ஒரு முழுப் பதக்கம். 2011இல் அதே லண்டனில் உலகப் போட்டியின் வெண்கலமும் அப்படித்தான். நல்லது பிரியாமல் இருவரிடமும் முழுதாகச் சேர்கிறது என்றால், தப்பு மட்டும் ஏன் பாதியாக வேண்டும்? அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் இப்போதும் ஆட வருகிறாள்.

இந்த எண்ணம் எனக்கு விளையாட்டிலிருந்து மட்டும் வந்ததல்ல. பயிற்சி முடிந்தால் கடலூரிலேயே உள்ள திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரரைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட, தேவாரம் பாடிய அப்பர் கரையேறிய ஊர் அது. சமணத்தில் தருமசேனராக அவர் இருந்த பாடலிபுத்திரமும் அதுவே என்பது வழக்கு. அவர் தமக்கை திலகவதியார் திருவதிகையில் இருந்தார். மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்தபின் உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக வாழ்ந்தார். தம்பியை மீட்டுத் தரச் சொல்லி இறைவனிடம் வேண்டினார். சூலை நோய் வந்து, தம்பி இரவோடு இரவாகத் தமக்கையின் காலில் வந்து விழுந்தார். தமக்கை திருநீறு கொடுத்தார்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்லும் விதம் எனக்கு ஆச்சரியம். தமக்கை வேண்டுகிறார், இறைவன் கனவில் வந்து, உன் தம்பி முன்பே தவம் செய்தவன், சூலை தந்து ஆட்கொள்வோம் என்கிறார். அப்பரைக் கரைசேர்த்தது தமக்கையின் வேண்டுதலா, தம்பியின் பழைய தவமா? சிதம்பரத்தில் அரங்கேறிய நூல் அது. சித்தாந்தம் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தது. அதில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. இதில் பாதி, அதில் பாதி என்று சேக்கிழார் பிரிக்கவே இல்லை.

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஓதுவார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அம்மா, வேண்டின பலன் அவங்களுக்கு, தவத்தோட பலன் இவருக்கு. ரெண்டையும் சேத்து வச்சது சாமி. வினை தனித்தனிதான்” என்றார். அவர் சொல்வது சாத்திரப்படி சரி. ஆனால் சேர்த்து வைத்த அந்த இடத்தைப் பற்றித்தான் நான் கேட்கிறேன். அங்கே திலகவதியார் இல்லையென்றால் அப்பர் இல்லை. தம்பி வராமல் போயிருந்தால் தமக்கையின் அத்தனை வருஷமும் வேறொன்றாகியிருக்கும். வினை தனித்தனியாக இருக்கட்டும். அது விளைந்த இடத்தில் இருவரும் முழுதாக நின்றார்கள்.