மார்ச் 17 வரைவு

"இன்னும் முடியல மேடம்." ஆய்வுக் கட்டுரையின் வரைவை அனுப்பும்போதெல்லாம் என் மாணவி இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுவாள். இதழுக்கு அனுப்புமுன் திறந்த களஞ்சியம் ஒன்றில் ஏற்றிவிடேன் என்றேன்.

"யாராவது எடுத்துக்கிட்டா?"

நியாயமான பயம். பெண்ணின் உழைப்பை எடுத்துக்கொள்வது புதிதல்ல. ஆனால் அது எங்கே நடக்கிறது? லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வில் கிடைத்த 51ஆம் எக்ஸ்ரே படம், 1953 ஜனவரியில் அவருக்குத் தெரியாமலேயே ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. காட்டியவர் அதே கல்லூரிச் சகா. டி.என்.ஏ. பற்றி ஃபிராங்க்ளினும் ரேமண்ட் கோஸ்லிங்கும் தட்டச்சு செய்துவைத்த வரைவில் மார்ச் 17 என்று தேதி இருக்கிறது. ஏப்ரல் 25 'நேச்சர்' இதழிலோ வாட்சன், கிரிக் கட்டுரை முதலில். ஃபிராங்க்ளினுடையது மூன்றாவதாக, அவர்கள் சொன்னதற்குச் சான்றுபோல. அந்த வரைவைப் பற்றி உலகம் அறிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய 'ஆர்க்கைவ்' களஞ்சியத்தில் ஏற்றும் எதற்கும் தேதி விழுந்துவிடுகிறது. 2016 மார்ச் 14 அன்று உக்ரைனியக் கணிதவியலாளர் மரினா வியாசோவ்ஸ்கா, எட்டுப் பரிமாண வெளியில் கோளங்களை மிக நெருக்கமாக அடுக்கும் முறைக்கான நிரூபணத்தை அங்கே இட்டார். ஒரே வாரத்தில், வேறு நால்வரோடு சேர்ந்து 24 பரிமாணங்களுக்கான விடையும் வந்தது. இதழில் அச்சானது 2017இல். யாரும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, சேர்ந்துகொண்டார்கள். 2022இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்.

இதைச் சொல்லி முடித்ததும் எனக்கே உறுத்தியது. பெயர் மறைத்து மதிப்பிடும் முறையில்தான் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் கல்லூரியும் கொஞ்சநேரமாவது கேட்கப்படாமல் இருக்கின்றன. முன்னமே பெயரோடு ஏற்றினால், மதிப்பீட்டாளர் ஒரு தேடலில் கண்டுபிடித்துவிடுவார். திருத்திய வரைவை மறுபடி ஏற்றலாம், சரி. ஆனால் பிழையுள்ள முதல் வரைவும் அங்கேயே நிற்கும். நிரந்தர வேலையில் இருக்கும் எனக்கு அது ஒரு சங்கடம், அவ்வளவுதான். நேர்காணல்களுக்கு அலைகிறவளுக்கு அப்படியா?

என் மேசை இழுப்பறையிலும் ஒரு வரைவு பல வருடங்களாகக் கிடக்கிறது. துணிச்சலை அவளுக்குச் சொன்ன நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். சிரித்தாள்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஏத்தலாம் மேடம்."

தேதி இன்னும் முடிவாகவில்லை.