திரை நின்றுபோனால் நீ நிற்காதே!

"இது நம்மால ஆகாதுங்க. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

கணினி பழுதுபார்க்கும் கடைகளில் எத்தனை இளைஞர்கள் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! பவர் சப்ளையைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுகிற கைகள் அவர்களுடையவை. ஆனால் புது மதர்போர்டில் விண்டோஸ் 7 ஏற மறுத்துவிட்டால், அதே கைகள் சோர்ந்து மடியில் விழுந்துவிடுகின்றன. தம்பி, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். உனக்குத் தெரியாதது இங்கே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கற்றுக்கொள்ளாமல் பின்வாங்காதே!

இந்தக் காலத்தில் எதற்கு விண்டோஸ் 7 என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு பதில். மரக்கதவில் பூவேலை செதுக்கும் சிறு பட்டறை ஒன்றுக்குப் போய்ப் பார். அங்கிருக்கும் சிஎன்சி ரூட்டரை மாக்3 என்ற மென்பொருள் ஓட்டிக்கொண்டிருக்கும். கணினியின் பேரலல் போர்ட் வழியாக அது மோட்டார்களுக்குத் துடிப்புகளை அனுப்புகிறது. அந்தப் போர்ட்டுக்கான அதன் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. பழைய கணினியின் மதர்போர்டு ஒருநாள் எரிந்துபோகிறது. ரூட்டருக்கு ஒன்றுமில்லை. வேலை தெரிந்த ஆள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கணினி இல்லாததால் பட்டறை நிற்கிறது. விர்ச்சுவல் மெஷினில் போட்டுச் சமாளிக்கவும் முடியாது, துடிப்பு ஒவ்வொன்றும் நேரம் பிசகாமல் போயாக வேண்டும். (வெறும் கணக்கு மென்பொருள் என்றால் விர்ச்சுவல் மெஷின்தான் நல்லது, அங்கே இந்த மல்லுக்கட்டு வேண்டாம்.) ஆகவே 32 பிட் விண்டோஸ் 7 வேண்டும், கிடைக்கிற புது மதர்போர்டில் வேண்டும். அந்தப் பட்டறைக்காரர் உன் கடை வாசலில் நிற்கும்போது "ஆகாது" என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வருகிறது?

வா, வேலைக்குப் போவோம். இன்டெல் 6-ஆம் தலைமுறை மதர்போர்டு. பென்டிரைவில் விண்டோஸ் 7. பயாஸ் திரையில் கீபோர்டு ஒழுங்காக வேலை செய்தது. அம்புக்குறியை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தாய். மொழி கேட்கும் திரை வந்தது. மவுஸ் அசையவில்லை. நம்லாக் பட்டனைத் தட்டினால் விளக்குகூட எரியவில்லை. உடனே வேறு கீபோர்டு, வேறு துளை, மறுபடி வேறு கீபோர்டு என்று ஓடாதே. உட்கார். யோசி. ஒரு நிமிடத்துக்கு முன் வேலை செய்த கீபோர்டு இப்போது எப்படிக் கெட்டிருக்கும்?

கெடவில்லை. கைமாறியிருக்கிறது. பயாஸ் திரையில் அதைக் கவனித்துக்கொண்டது மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் நிரல். விண்டோஸ் கிளம்பியதும் பொறுப்பு விண்டோஸுக்கு வந்தது. 2009 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 7, தன்னோடு கொண்டுவந்தது யுஎஸ்பி 2.0 வரைக்கும் உள்ள டிரைவர்களை மட்டுமே. இஎச்சிஐ என்ற கட்டுப்பாட்டுச் சிப்பைத்தான் அதற்குத் தெரியும். 2015-இல் வந்த இன்டெல் 100 வரிசை சிப்செட்டில் இஎச்சிஐயை எடுத்தே விட்டார்கள். எல்லாத் துளைகளும் எக்ஸ்எச்சிஐ என்ற யுஎஸ்பி 3.0 கட்டுப்பாட்டுச் சிப் வழியாகத்தான். அதை ஓட்டும் டிரைவர் விண்டோஸ் 7-இடம் இல்லை. ஒரு டிரைவர் குறைகிறது, வேறொன்றும் இல்லை! அதைப் பார்த்துவிட்டு "எனக்கு வராது" என்று உன்னையே நீ குறைத்துக்கொள்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றைச் செருகி மேலே போனால் அடுத்த முட்டுக்கட்டை: சிடி, டிவிடி டிரைவுக்கான டிரைவர் காணவில்லை என்கிறது திரை. அந்தக் கணினியில் சிடி டிரைவே கிடையாது. பலரும் இங்கே குழம்பி எழுந்துவிடுகிறார்கள். நீ எழாதே. விண்டோஸ் தேடுவது தன் நிறுவல் கோப்புகளை. அவை பென்டிரைவில் இருக்கின்றன. பென்டிரைவும் அதே எக்ஸ்எச்சிஐக்குப் பின்னால்தான் இருக்கிறது. எந்தப் பென்டிரைவிலிருந்து அது கிளம்பி வந்ததோ, அதையே இப்போது அதனால் பார்க்க முடியவில்லை. இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே என்று பிடிபடும் அந்தக் கணம் இருக்கிறதே, அதை ஒருமுறை அனுபவித்துவிட்டால் பிறகு உன்னை யாரும் பயமுறுத்த முடியாது.

தீர்வு உன் கடையில் ஓடும் இன்னொரு கணினியிலேயே இருக்கிறது. டிஸ்ம் கட்டளையால் பென்டிரைவிலுள்ள பூட்.விம் கோப்பைத் திறந்து, 32 பிட்டுக்கான யுஎஸ்பி 3.0 டிரைவரை அதற்குள் சேர்க்க வேண்டும். கவனம்: பூட்.விம்முக்குள் இரண்டு படிமங்கள் உண்டு. நீ பார்க்கும் நிறுவல் திரை ஓடுவது இரண்டாவதில். முதலாவதில் மட்டும் சேர்த்துவிட்டு "சேர்த்தும் வேலை செய்யவில்லை" என்று கைவிட்டவர்கள் உண்டு. வெற்றிக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரே ஓர் எண். இன்ஸ்டால்.விம்மிலும் அதே டிரைவரைச் சேர்த்துவிடு. இல்லையென்றால் டெஸ்க்டாப் வந்தபின் கீபோர்டு மறுபடி செத்துக் கிடக்கும்.

மற்றவை சுருக்கமாக. என்விஎம்இ வட்டைப் போட்டால் வட்டுப் பட்டியல் காலியாக வரும். அதற்கும் திருத்தம் இருக்கிறது, ஆனால் ரூட்டர் ஓட்டும் கணினிக்கு அந்த வேகம் தேவையே இல்லை. சாட்டா எஸ்எஸ்டி போடு, பயாஸில் ஏஎச்சிஐ வை. செக்யூர் பூட்டை அணை, பழைய பயாஸ் முறையில் கிளம்ப வழிவிடும் சிஎஸ்எம்மை இயக்கு. பேரலல் போர்ட் இல்லாத போர்டு என்றால் தனிக் கார்டு போட வேண்டும், அதன் முகவரியை மென்பொருளில் மாற்ற வேண்டும்.

ஏதோ உனக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்காதே. விண்டோஸ் 98 காலத்தில் 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால், "நினைவகம் போதவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். நினைவகம் கூடியதால் வந்த தொல்லைக்கு, நினைவகம் குறைவு என்று செய்தி! ரேமைக் கழற்றி மேசையில் வைத்தவர்கள் இருந்தார்கள். எதனால் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கோப்புகளுக்கான கேஷ், ரேமின் அளவைப் பார்த்துத் தானும் பெருத்து, முகவரி இடத்தை விழுங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் அந்தக் கேஷுக்கு உச்சவரம்பு வைக்கும் ஒரு வரியை எழுதினார்கள், கணினி ஓடியது. 2001-இல் வந்த எக்ஸ்பிக்கு ஏஎச்சிஐ தெரியாது. நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணைக் காட்டி நிற்கும். எஃப்6 அழுத்தி டிரைவர் கொடுக்கலாம் என்றால் ஃப்ளாப்பி கேட்கும், ஃப்ளாப்பி டிரைவ் இல்லாத கணினியிலும்! அப்போதும் சிலர் சளைக்கவில்லை. பயாஸில் ஐடிஇ என்று மாற்றி ஏற்றினார்கள், அல்லது நிறுவல் சிடிக்குள்ளேயே டிரைவரைச் சேர்த்து எழுதினார்கள்.

அவர்களுக்கு இருந்த மூளைதான் உனக்கும் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராது என்கிறாயா? திரையில் இருப்பது ஐந்தாறு சொற்கள். எழுத்து விடாமல் நோட்டில் எழுது. எண்ணை எழுது. கடைசியாக எது வேலை செய்தது என்று எழுது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று உனக்கே தெரியாமல் போகும். வெறும் டிப்ளமோதான் என்கிறாயா? எக்ஸ்எச்சிஐ உன் சான்றிதழைக் கேட்காது!

சில போர்டுகளில் சிஎஸ்எம்மே இருக்காது. அங்கே 32 பிட் விண்டோஸ் 7 ஏறாது. அப்போது "முடியாது" என்று சொல், தலைநிமிர்ந்து சொல். "இந்தப் போர்டில் சிஎஸ்எம் இல்லை, இருக்கிற போர்டாகப் பார்த்து நானே வாங்கித் தருகிறேன்" என்று சேர்த்துச் சொல். காரணம் தெரிந்து சொல்லும் முடியாது வேறு, பயந்துபோய்ச் சொல்லும் முடியாது வேறு.

வேலை முடிந்ததும் நெட் கேபிளைப் பிடுங்கிவிடு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது; அந்தக் கணினி ரூட்டரை ஓட்டட்டும், இணையத்தைப் பார்க்க வேண்டாம். வட்டு முழுவதையும் படிம நகல் எடுத்துப் பட்டறைக்காரர் கையில் கொடு. போர்டின் பெயர், பயாஸில் மாற்றியவை, சேர்த்த டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டு. அடுத்து வருபவன் உன்னைப் போலத் தேடி அலைய வேண்டாம். பிறகு பில் போடு. எஸ்எஸ்டிக்கும் கார்டுக்கும் கீழே, உன் வேலைக்கான கூலியையும் தனி வரியாக எழுது. பட்டறைக்காரர் அந்த வரியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டால், செய்ததை ஒன்றொன்றாகச் சொல்லி, முழுப்பணமும் வாங்கு.