பஞ்சியும் ஏலாமையும்

இறைவனை அடையும் வழிகளைச் சைவ சமயம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுத்துக் கூறுகின்றது. ஆலயத்தைக் கூட்டி மெழுகுதல், பூ எடுத்தல், மாலை தொடுத்தல் முதலியன சரியையில் அடங்கும். பூசை வழிபாடு கிரியையாகும். மூச்சையும் மனத்தையும் ஒருவழிப்படுத்தி இறைவனை உள்ளே காண முயல்வது யோகம். இவை யாவற்றையும் செய்வதற்குக் கருவியாக இருப்பது இந்த உடம்பே. அந்த உடம்பில் பலம் இல்லாது போனவர் என்ன செய்வது? பலமுள்ளவருக்கு வகுத்த சாதனையை அவருக்காகக் குறைத்துக் கொடுக்கலாமா? குறைத்துக் கொடுத்தால் அது சாதனையாகுமா? இக்கேள்விகள் சிந்திக்கத்தக்கவை.

எந்தக் கிராமத்திலும் இத்தகைய ஒரு தாயைக் காணலாம். விடியமுன் எழுந்து, முற்றம் கூட்டி, தோய்ந்து, முதற் பூசைக்கு வந்து நிற்பவர். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருந்தவர். திருவிழாக் காலத்தில் அன்னதான மடத்தில் மரக்கறி வெட்டவும் தேங்காய் துருவவும் முதல் ஆளாக வருபவர். ஒரு காய்ச்சல் வந்து மாறுகின்றது. காய்ச்சல் போய்விட்டது, களைப்புப் போகவில்லை. இரவு முழுவதும் படுத்து எழும்பினாலும் உடம்பு தேறுவதில்லை. ஒரு நாள் உடுப்புத் தோய்த்தால் அடுத்த இரண்டு நாள் பாயிலே கிடக்க வேண்டியிருக்கின்றது. முகத்தைப் பார்த்தால் நோயாளி போலவும் தெரியாது. "ஆள் நல்லாத்தானே இருக்கிறா, பஞ்சியிலை கிடக்கிறா" என்று அயலவர் சொல்கின்றார்கள். சில மாதங்களில் அவரும் தம்மைப் பற்றி அவ்வாறே எண்ணத் தொடங்குகின்றார். கோயிலுக்கு வரவும் கூச்சப்படுகின்றார். நோய் செய்த துன்பத்திலும் இது பெரிய துன்பமாகும்.

நமது பேச்சு வழக்கில் பஞ்சி என்றொரு சொல் உண்டு, ஏலாமை என்றொரு சொல்லும் உண்டு. பஞ்சி என்பது செய்யக்கூடியதைச் செய்ய மனமில்லாமை. ஏலாமை என்பது செய்ய மனமிருந்தும் உடம்பு இடங்கொடாமை. இரண்டும் வெளியிலே ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் ஆள் படுத்திருப்பதையே காண்கின்றோம். ஆனால் முன்னோர் இவற்றைக் கலந்து பேசவில்லை. யோக நெறிக்குச் சூத்திரம் செய்த பதஞ்சலி முனிவர் சாதகனுக்கு வரும் இடையூறுகளை ஒன்பதாக எண்ணிக் கூறினார். அவற்றுள் முதலாவது வியாதி, ஐந்தாவது சோம்பல். இரண்டும் ஒன்றாயின் இரு முறை எண்ணவேண்டிய தேவை இல்லை. நோயைச் சோம்பல் என்று கருதுவது சாத்திரத்திற்கும் ஒவ்வாதது.

இன்றைய மருத்துவமும் இதையே காட்டுகின்றது. தீராத களைப்புக்குக் காரணங்கள் பல. குருதிச்சோகை, தைரொயிட் சுரப்பியின் குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு, நித்திரைக் குறைபாடு, சில மருந்துகளின் விளைவு ஆகியன அவற்றுட் சில. இவற்றுட் பலவற்றை இரத்தப் பரிசோதனை மூலம் அறிந்து வைத்தியம் செய்யலாம். ஆகவே ஆசனத்துக்கு முன் வைத்தியரிடம் செல்வதே முறை. டெங்கு, கொவிட் போன்ற காய்ச்சல்களின் பின் நீண்டகாலம் களைப்பு நீடிப்பதும் உண்டு. நாட்பட்ட களைப்பு நோய் என ஒன்று தனியாகவும் உள்ளது. அதன் முக்கிய அடையாளம் யாதெனில், சிறு உழைப்பும் பின்னர் நோயைக் கூட்டிவிடுவதாகும். அதுவும் உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் தாக்கும். முன்பு இந்நோயாளருக்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும்படி வைத்தியர்களே கூறிவந்தனர். பிரித்தானியாவின் அரச மருத்துவ வழிகாட்டலில் 2007ஆம் ஆண்டு அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. 2021ஆம் ஆண்டு அந்த ஆலோசனை நீக்கப்பட்டு, உள்ள பலத்தை அளந்து செலவிடும் முறை வற்புறுத்தப்பட்டது. கற்றறிந்த வைத்தியர்களே தம் கருத்தை மாற்றிக்கொள்ளும்போது, அயலவர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது தகுமா?

யோகக் கலையில் வல்ல ஆசிரியர்களும் ஆளுக்கேற்ப முறையை மாற்றியே கற்பித்தனர். திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888 - 1989) மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர். அவரே பிற்காலத்தில் சென்னையில் நோயாளர்களைத் தனித்தனியாகப் பார்த்து, அவரவர் வயது, உடல்நிலை, தொழில் என்பவற்றுக்கு ஏற்பப் பயிற்சி வகுத்துக் கொடுத்தார். அவரிடம் 1934ஆம் ஆண்டு மைசூர் சென்று பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் (1918 - 2014) சிறுவயதில் மலேரியா, நெருப்புக்காய்ச்சல், காசநோய் முதலியவற்றால் மெலிந்திருந்தவர். ஏலாமை என்னவென்பதை உடம்பினாலே அறிந்த அவர், பிற்காலத்தில் நாற்காலி, தலையணை, மரக்கட்டை, பட்டி என்பவற்றை உதவியாக வைத்து, நிற்க முடியாதவரும் ஆசனம் செய்ய வழி கண்டார். நாற்காலியில் இருந்து செய்தாலும் அவர் அதை ஆசனம் என்றே கொண்டார்.

களைப்பு நோயாளருக்கு ஏற்ற பயிற்சி எப்படி அமையும்? ஒரு மணித்தியாலப் பயிற்சிக்குப் பதிலாக ஐந்து அல்லது பத்து நிமிடம் போதும். நின்று தொடங்காமல் படுத்தபடி தொடங்கலாம். முழங்காலின் கீழ் ஒரு தலையணை வைத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது கைகளை மெல்ல உயர்த்தி, வெளிவிடும்போது இறக்கலாம். மூன்று முறை போதும், பின்பு ஓய்வு. அடுத்ததாகக் கால்களை ஒரு கதிரையின் மேல் வைத்துச் சும்மா கிடக்கலாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் இவர்களுக்கு ஆகா. களைத்தபின் நிறுத்துவதன்று முறை, களைக்குமுன் நிறுத்த வேண்டும். அடுத்த இரண்டு நாளும் உடம்பு எப்படி இருந்தது என்று கவனித்து, தாங்கியிருந்தால் அதே அளவைத் தொடரலாம், தாங்காவிட்டால் குறைக்க வேண்டும். சிலருக்குக் கையைக்கூட உயர்த்த ஏலாது. அவர்கள் தம் மூச்சைக் கவனித்துக் கிடந்தாலே போதும். இதனால் நோய் அடியோடு மாறிவிடும் என்று வாக்குக் கொடுப்பது பிழை. உள்ள பலம் வீணாகாமலும், மனம் தளராமலும் இருக்க இது துணை செய்யும், அவ்வளவே.

இதிலே கடினமானது, சுகமாக இருக்கும் நாளில் அளவுடன் நிற்பதாகும். ஒரு நாள் உடம்பு சற்று இலேசாக இருந்தால், தேங்கிய வேலை எல்லாவற்றையும் அன்றே செய்து, தாம் பஞ்சிக்காரர் அல்லர் என்று ஊருக்குக் காட்ட மனம் உந்தும். மறுநாள் விழுந்துவிடுவார். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி உடம்பை வருத்துவது தவமாகாது. யோகத்தின் எட்டு உறுப்புகளுள் முதலாவது இயமம். அதிலும் முதலில் வைக்கப்பட்டது கொல்லாமை, அதாவது பிற உயிருக்குத் தீங்கு செய்யாமை. தன் உடம்பும் ஓர் உயிர் குடியிருக்கும் இடமே என்பதை மறக்கலாகாது. உடம்பினுள்ளே இறைவன் கோயில் கொண்டிருத்தலைக் கண்டு அதைப் பேணியவர் திருமூல நாயனார்.

எல்லோருக்கும் இப்படிச் சலுகை கொடுத்தால் சோம்பேறிகளும் நோயைச் சாட்டித் தப்பிக்கொள்வார்களே என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. பஞ்சியாற் கிடப்பவர் எழும்பி வேலை செய்தால் பெரும்பாலும் உற்சாகம் அடைவார். களைப்பு நோயாளர் அவ்வாறு செய்தால் நாட்கணக்கில் வீழ்வார். எனினும் இந்த வேறுபாட்டை அறியக்கூடியவர் அந்த உடம்புக்கு உரியவரும், அவரைப் பொறுமையுடன் கவனிக்கும் வைத்தியரும், ஆசிரியருமே. வேலிக்கு வெளியே நிற்பவர் அறிய முடியாது. அறிய முடியாத இடத்தில், பஞ்சிக்காரர் ஒருவரை நோயாளர் என நம்பி ஏமாறுவது சிறிய பிழை. நோயாளர் ஒருவரைப் பஞ்சிக்காரர் என இகழ்வது பெரும்பாவம்.

பெரியபுராணம் கூறும் பூசலார் நாயனார் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. திருநின்றவூரில் வாழ்ந்த அவர் சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பினார். பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, நாட்பார்த்து, கோயில் கட்டி முடித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு வகுக்கப்பட்டிருந்தது. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, வேறு நாளை வைத்துக்கொள்ளும்படி கூறினார் என்பது வரலாறு. பூசலாருக்கு இல்லாதிருந்தது பொருள், களைப்பு நோயாளருக்கு இல்லாதிருப்பது பலம். இல்லாமை இரண்டும் ஒன்றே. இறைவன் கேட்பது இருப்பதிலிருந்து கொடுப்பதை மட்டுமே.

ஆகவே வீதி சுற்ற ஏலாதவர் மண்டபத் தூணோடு சாய்ந்திருந்து ஐந்தெழுத்தை நினைத்தாலும் அது நிறைவான வழிபாடே. உபவாசம் இருக்க ஏலாதவர் வைத்தியர் சொன்னபடி உண்டு விரதம் அனுட்டிப்பதிலும் குறைவில்லை. அவர்களுக்கு ஒரு கதிரை எடுத்துப் போடுவதும், "ஏன் நேற்று வரவில்லை" என்று குறை கேட்காமல் "இன்றைக்கு எப்படி இருக்கிறது" என்று விசாரிப்பதும், வீட்டிலிருப்பவருக்குத் திருநீறும் பிரசாதமும் கொண்டுபோய்க் கொடுப்பதும் பலமுள்ள அடியார்களின் சரியைத் தொண்டாகும். இன்று பலமாக நடப்பவர் நாளை அதே தூணடியைத் தேடி வரக்கூடும். அப்போது அவருக்கும் அங்கே ஓர் இடம் இருக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.