பல்கலைக்கழகத் தலைமையும் விளையாட்டுத் திடலும்

பல்கலைக்கழகம் எதற்காக உள்ளது என்னும் வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் அறிவைத் தேடுதல், அறிவைப் பரப்புதல் என்னும் இரு பணிகளைச் சுட்டுவதோடு அமைந்துவிடுவர். அவ்விடை பிழையற்றது, ஆயினும் முழுமையற்றது. பல்கலைக்கழக வாயிலிற் புகுவோர் பத்தொன்பது, இருபது வயது நிரம்பிய மனிதர். அவர்களுக்கு உடலுண்டு, தோழமை வேட்கையுண்டு, வெல்லும் ஆசையும் தோற்கும் அச்சமும் உண்டு. இவை குறித்துப் பல்கலைக்கழகத் தலைமைக்குக் கடமை ஏதேனும் உளதா? உளதெனின் அதன் எல்லை யாது? விளையாட்டுக்குத் தலைமை அளிக்கும் ஆதரவு மனமுவந்து வழங்கும் கொடையா, செலுத்தியே தீரவேண்டிய கடனா? இவை நிருவாகம் பற்றிய வினாக்கள் போலத் தோன்றினும் அறவியல் சார்ந்தவையே. அளவுபட்ட பொருளை யாருக்கு, எந்நோக்கிற் பகிர்வது என்பது எக்காலத்தும் நீதி பற்றிய வினாவாகும்.

இலங்கையில் இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைச் செயலிற் காட்ட முயன்றவர், 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் ஆவார். 1952இல் பேராதனையில் உருப்பெற்ற வதிவிடப் பல்கலைக்கழகம் ஒரு கொள்கையைத் தன் அமைப்பிலேயே தாங்கி நின்றது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, ஹில்டா ஒபயசேகர முதலிய மண்டபங்களில் மாணவர் ஒருங்கு வாழ்வதும், உண்பதும், வாதிடுவதும், விளையாடுவதும் கல்வியின் உறுப்புகளே என்பது அக்கொள்கை. விரிவுரை முடிந்த பின்னரும் கல்வி தொடர்கின்றது என்னும் உண்மையை அது உணர்த்திற்று.

எனினும் அவ்விலட்சியத்துக்கு ஒரு குறை இருந்தது. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மரபைத் தழுவிய அது, வசதி மிக்க ஆங்கிலப் பாடசாலையின் மைதானத்தில் ஏற்கெனவே ஆடிப் பழகிய மாணவனையே பெரிதும் மனத்திற் கொண்டிருந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், பின்னர் ஏற்பட்ட தாய்மொழிவழிப் பல்கலைக்கழகக் கல்வியும் வேறொரு மாணவனை அங்குக் கொண்டு சேர்த்தன. அவன் பயின்ற கிராமப் பாடசாலையில் மைதானம் இல்லாதிருக்கலாம், பயிற்றுநர் இல்லாதிருக்கலாம். பல்கலைக்கழக மைதானத்தின் கதவு அவனுக்கும் திறந்தே கிடந்தது. ஆனால் அதனுட் புகும் துணிவை அவனுக்கு அளித்தோர் சிலரே. விதி அளிக்கும் சமவாய்ப்பு வேறு, வாழ்க்கை அளிக்கும் சமவாய்ப்பு வேறு என்பதற்கு இஃதொரு சான்று.

விளையாட்டுக்குத் தலைமை ஆதரவளித்தல் வேண்டும் என்ற கொள்கையை அடியோடு ஐயுற்றவர்களும் உளர். அவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த றொபேட் மேனாட் ஹட்சின்ஸ். அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தின் புகழ்பெற்ற ஹைஸ்மன் விருதை 1935இல் முதன்முதற் பெற்ற ஜே பேர்வாங்கர் அப்பல்கலைக்கழகத்தின் வீரரே. ஆயினும் நான்காண்டுகள் கழித்து, 1939 டிசெம்பரில், அப்பந்தாட்ட அணியையே அப்பல்கலைக்கழகம் கலைத்துவிட்டது. அறிவை வளர்த்தலே பல்கலைக்கழகத்தின் தனிப்பணி என்பது ஹட்சின்ஸின் துணிபு. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1929இல், கார்னகி நிறுவனம் வெளியிட்ட அறிக்கை அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டு வீரரைப் பணம் கொடுத்துச் சேர்த்துவந்த வழக்கத்தை வெளிப்படுத்தியிருந்தது. ஹட்சின்ஸின் செயலைக் கடுமையானது எனலாம். காரணமற்றது எனல் பொருந்தாது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து காணச் சிலர் மட்டும் ஓடும் காட்சிக்குக் கல்வி என்னும் பெயர் தகுமா என்று அவர் வினவியதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சிக்காகோவில் அவ்வாட்டம் 1969இல் பல்கலைக்கழக அணியாக மீண்டது. பழைய ஆரவாரம் மீளவில்லை.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஒட்டுமொத்தமாகச் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கிண்ணம் 1956–57ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருகின்றது. பஞ்சாப் மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதனைப் பலமுறை வென்றுள்ளன. அதன் பயனாக அங்கு மைதானங்கள் பெருகின. பயிற்றுநர் நியமனம் பெற்றனர். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் விளையாட்டால் உயர்ந்தனர். இந்நன்மைகளை மறுத்தல் நியாயமாகாது. ஆயினும் கிண்ணத்தின் எண்ணிக்கையே தலைமையின் அளவுகோலாகுமிடத்து ஓர் இடர் தோன்றுகின்றது. வெற்றி தருபவன் நிருவாகத்தின் கண்ணுக்குத் தெரிவான், தராதவன் மறைந்துவிடுவான். வெற்றி தருபவனும் காலில் அடிபட்ட மறுநாள் மறக்கப்படலாம். மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளுதல் தகாது என்ற காண்டின் அறநெறி இவ்விடத்து நினைக்கத்தக்கது.

விளையாட்டும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதுவோர்க்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வாழ்க்கை தக்க விடையாகும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராகிய அவர், 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பிற் பங்குபற்றினார். 1958இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அவரே லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின்னர்க் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஓர் உடலும் ஓர் உள்ளமும் ஒருங்கே வளர முடியும் என்பதை அவர் வாழ்வு காட்டிற்று. அவ்வாறு வளர்வதற்கு இடமளிக்கும் நிறுவனம் வேண்டும் என்பதையும் உடன் காட்டிற்று.

இனி மட்டக்களப்பு மண்ணை நோக்குவோம். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி இப்பிரதேசத்தின் தொன்மையான விளையாட்டு. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். கொளுவப்பட்ட இரு கொம்புகளை வடம் பூட்டி இரு கட்சியாரும் இழுப்பர். ஒன்று முறியும்வரை ஆட்டம் நிகழும். மழை பொய்த்த காலத்தும் நோய் பரவிய காலத்தும் ஊரின் நலம் வேண்டி இதனை நிகழ்த்தினர். வடத்தைப் பிடிக்க வலியவனைத் தெரிந்தெடுத்து மற்றையோரை வேடிக்கை பார்க்க விடும் வழக்கம் அதில் இல்லை. விளையாட்டு ஊரின் பொதுவுடைமையாக இருந்தது. பல்கலைக்கழகம் இம்மரபிலிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு: பங்குபற்றுதல் முதன்மையானது, தெரிவு அதன் பின்னரே வருவது.

இப்பிரதேசத்தின் பல்கலைக்கழகம் 1981 ஓகஸ்ட் 1இல், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிற்று. 1986 ஒக்டோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நான்காண்டு கழியுமுன், 1990இல், அவ்வளவே அகதி முகாமாக மாறிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5இல் அங்கிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டு மீளாதொழிந்தனர். 2006 டிசெம்பர் 15இல் துணைவேந்தர் பேராசிரியர் இரவீந்திரநாத் கொழும்பிற் காணாமற்போனார். உயிருக்கே உறுதியில்லாத காலத்தில் ஓடுபாதையைப் பற்றித் தலைமை சிந்தித்திருக்க வேண்டும் என எவரும் கூறார். பேராதனையை அளந்த கோலால் வந்தாறுமூலையை அளத்தல் நீதியாகாது.

ஆயினும் போர் 2009இல் ஓய்ந்தது, வினா ஓயவில்லை. வந்தாறுமூலையிலிருந்து வாழைச்சேனையைக் கடந்து திருகோணமலை வீதி வழியே வடக்கே சென்றால், வாகரைக்குத் தெற்கே, கடலையும் களப்பையும் அண்டியிருப்பது மாங்கேணி. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கிற்று. அதன் காயம் ஆறுமுன், 2006இன் பிற்பகுதியிலும் 2007 சனவரியிலும் நிகழ்ந்த போர் வாகரைப் பகுதி மக்களை மீண்டும் இடம்பெயரச் செய்தது. அவ்வாண்டுகளிற் பிறந்த பிள்ளைகளே இன்று பல்கலைக்கழக வயதினர். அத்தகைய ஒரு பிள்ளை மாங்கேணியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருவதாகக் கொள்வோம். கரைவலை இழுத்து உரமேறிய தோளும் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய காலும் அப்பிள்ளைக்கு உண்டு. மாகாணச் சான்றிதழோ, தேசியப் பதக்கமோ இல்லை. பல்கலைக்கழகம் அப்பிள்ளைக்கு என்ன கடன்பட்டுள்ளது?

பிரச்சினையின் உயிர்நிலை இதுவே. பாடப் பரீட்சைக்குப் புறம்பான துறைகளிற் சிறந்து விளங்குவோர்க்கெனச் சிறு எண்ணிக்கையான இடங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி விதிகள் ஒதுக்குகின்றன. அது நல்ல ஏற்பாடே. ஆனால் அதனாற் பயன்பெறுபவர் ஏற்கெனவே இனங்காணப்பட்டவர். மைதானமும் பயிற்றுநரும் வாய்க்கப்பெற்றவர். அவை வாய்க்காத பிள்ளைக்குப் பல்கலைக்கழகமே முதல் வாய்ப்பு. பெரும்பாலும் அதுவே இறுதி வாய்ப்பு. ஆகவே தேர்ந்த வீரருக்கு மட்டும் அளிக்கும் ஆதரவு, முன்னரே உள்ள ஏற்றத்தாழ்வை மேலும் ஆழமாக்குகின்றது. தொடக்கநிலையாளருக்கு அளிக்கும் ஆதரவே அதனை ஒரு சிறிதேனும் திருத்துகின்றது.

இதற்கு எழக்கூடிய வலிய மறுப்பு பணம் பற்றியது. நூலகத்துக்கு நூல் போதவில்லை; விடுதியில் இடம் போதவில்லை; ஆய்வுகூடத்தில் கருவி போதவில்லை. இந்நிலையில் விளையாட்டுக்குச் செலவிடுதல் முறையா என்பர். நூலா, பார்வையாளர் அரங்கா என்று வினா எழுமிடத்து நூலே என விடை கூறுதல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் மாங்கேணிப் பிள்ளை கேட்பது அரங்கமன்று. சீரான ஒரு திடல், ஒரு பந்து, கற்றுத்தர ஒருவர், மாலை நான்கு மணிக்குப் பின் ஓய்வான ஒரு வேளை ஆகியவையே அதன் தேவை. இவற்றுள் இறுதியானதற்குப் பணம் வேண்டியதில்லை. நேரசூசியை வகுப்போர் மனம் வைத்தாற் போதும். செய்முறை வகுப்பை இருட்டும்வரை நீட்டிவிட்டு மாணவர் மைதானத்துக்கு வருவதில்லை எனக் குறைகூறுதல் பொருளற்றது.

இங்கேதான் தலைமையின் பொறுப்பு தனித்துத் தெரிகின்றது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி துணைவேந்தரே பிரதான நிருவாக அலுவலர். பிரதான கல்விசார் அலுவலரும் அவரே. பேரவைக்கும் மூதவைக்கும் அவர் தலைமை தாங்குகின்றார். பேரவையிற் பணம் பற்றிய முடிபும் மூதவையிற் பாடவேளை பற்றிய முடிபும் எடுக்கப்படுகின்றன. உடற்கல்விப் பணிப்பாளர் எத்துணை ஆர்வமுடையவராயினும் இவ்விரு சபைகளையும் இணைத்து ஒரு காரியத்தை முடித்தல் அவருக்கு அரிது, துணைவேந்தருக்கு இயலும். வர்ண விருது விழாவில் மாலையேற்று உரையாற்றுதல் தலைமையின் ஆதரவுக்கு மிக எளிய வடிவம். மழை நாளொன்றிற் பத்துப் பேர் மட்டும் வந்திருக்கும் பயிற்சியை ஒருமுறை எட்டிப் பார்த்தல் அதனினும் பெறுமதி மிக்கது.

ஒரு மனிதரின் ஈடுபாடு எத்துணை செய்யும் என்பதை மட்டக்களப்பு நன்கறியும். நகரிலுள்ள வெபர் மைதானம், மாணவரைப் பயிற்றுவித்த இயேசுசபைத் துறவியாகிய வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. புனித மிக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்த அமெரிக்கத் துறவி இயூஜின் ஹீபேட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியிற் காணாமற்போனார். நாட்டைவிட்டுப் போயிருக்கக்கூடிய காலத்திலும் அவர் போகவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தவற்றுட் பெரியது தமது பொழுதே.

மாணவியர் நிலை தனியே எண்ணத்தக்கது. மாங்கேணிப் பிள்ளை பெண்ணாயின், வலைப்பந்தாட்டத் திடலுக்கு அவள் வருவதற்கு முன் கடக்கவேண்டியவை பல: வீட்டாரின் தயக்கம், ஊராரின் பேச்சு, இருள் சூழுமுன் விடுதி திரும்பவேண்டிய கட்டாயம். மைதானம் அனைவருக்கும் பொது என்று அறிவித்துவிட்டு அமைதல் இங்குப் போதாது. உடைமாற்றும் அறை, ஒளி, பெண் பயிற்றுநர், விடுதிக்குப் பாதுகாப்பான வழி ஆகியவற்றை அமைத்துக் கொடுக்கும்போதே அவ்வறிவிப்பு உண்மையாகும்.

விளையாட்டு மாணவரைத் தானாகவே ஒழுக்கமுடையோராக்கும் என்று சொல்வது மிகைக்கூற்று. ஏமாற்றுதலையும் பகைமையையும் மைதானம் கற்பிப்பதும் உண்டு. எவ்வகை விளையாட்டு, யார் வழிகாட்டலில், எந்நோக்கில் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். ஒரே அணியில் மருத்துவ மாணவனும் கலை மாணவனும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து ஆடும்போது, ஒருவர் தவறவிட்ட பந்தை மற்றவர் ஓடிப் பிடிக்கவேண்டியிருக்கின்றது. நீண்ட போரின் பின் வாழும் ஒரு பிரதேசத்துக்கு இச்சிறு பழக்கம் பயனற்றதன்று.

தொகுத்து நோக்குமிடத்து, விளையாட்டை வெறுத்தொதுக்கும் தலைமையும் வெற்றியை மட்டும் விரும்பும் தலைமையும் ஒரே பிழையையே இருவேறு வகையிற் செய்கின்றன எனலாம். இரண்டும் மாணவனை முழுமனிதனாகக் காணத் தவறுகின்றன. தலைமையின் ஆதரவை அளக்கும்போது கண்ணாடிப் பேழையிலுள்ள கிண்ணங்களை எண்ணுதல் எளிது. ஒருபோதும் கிண்ணம் பெறப்போகாத மாணவனுக்கு அங்கு என்ன கிடைத்தது எனக் கேட்டல் கடினம். மாங்கேணியிலிருந்து வந்த பிள்ளை நான்காண்டு முடிவிற் பட்டத்தோடு மட்டும் திரும்புமாயின், அதற்குரிய பங்கில் ஒரு பகுதி நிலுவையாகவே நிற்கின்றது. அந்நிலுவையைத் தீர்ப்பது தலைமையின் கடன்.