பெயர் என்னும் அடைக்கலம்

கள்வர் கவரும் பொருள்கள் யாவை என்று வகுப்பில் கேட்டால், பொன், பணம், ஆடு, மாடு என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். ஒருவருடைய பெயரையும் களவாடலாம் என்று எந்தப் பிள்ளையும் கூறியதில்லை. ஆசிரியையாகிய நானும் கற்பித்ததில்லை. எழுபது வயதைக் கடந்த பின்னரே அப்பாடத்தை நான் கற்க நேர்ந்தது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த நான், பணியின் பொருட்டு விருதுநகர் மாவட்டத்திற்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். என்னிடம் பயின்றவர் பலர் சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளிலும் அச்சகங்களிலும் வேலை செய்கின்றனர். கடந்த ஆண்டு தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன், ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். "ஓய்வூதியம் தொடர்பாக ஆறு இலக்க எண் ஒன்று உங்களுக்கு வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் அம்மா" என்று பணிவாகக் கேட்டார். பணிவாகக் கேட்பவரிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சொல்லிவிட்டேன். என் வாட்ஸ்அப் கணக்கு அவர் கைக்குப் போயிற்று.

அன்று மாலை, பழைய மாணவி ஒருத்தி பதறிப்போய் நலம் விசாரித்தாள். நான் மருத்துவமனையில் இருப்பதாகவும் பணம் தேவையென்றும் என் படத்துடன் செய்தி சென்றிருந்தது. உண்மை விளங்கிற்று. ஆயினும், பிறருக்குப் பாடம் சொன்னவள் இப்படி ஏமாந்தேன் என்று எவ்வாறு கூறுவது என்ற வெட்கம் மேலிட, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று வாளாவிருந்தேன்.

மறுநாள் காலையில், பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும் மற்றொரு மாணவி 2,500 ரூபாய் அனுப்பிவிட்டாள். அது ஏறக்குறைய அவளுடைய ஒரு வாரக் கூலி. அத்தொகையை நான் கொடுக்கச் சென்றபோது அவள் வாங்க மறுத்தாள். "உங்க பேரைப் பார்த்ததும் வேற ஒண்ணும் யோசிக்கத் தோணல டீச்சர்" என்றாள்.

களவு போனது என் பெயர். பொருளை இழந்தவளோ அவள். அவ்வாறாயின் அப்பெயர் யாருக்கு உரியது?

சிவகாசி வட்டாரத்தார்க்கு இதற்கு விடை தெரியும். 1922ஆம் ஆண்டில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின் தொழிலால் உயர்ந்த ஊர் அது. பெட்டியின் மேல் ஒட்டிய சேவல், மயில் போன்ற படங்களைக் கொண்டே எழுத்தறியாதாரும் சரக்கை அடையாளம் கண்டனர். படம் வெறும் தாள். மக்கள் வைத்த நம்பிக்கையே அதன் விலை. இன்று கள்வர் கவர்வது அந்நம்பிக்கையையே. இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பனைக்கு ஆர்டர் பெறலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஆணையிட்டது. ஆயினும், குறைந்த விலைக்குப் பட்டாசு தருவதாகக் கூறும் போலி இணையதளங்கள் தீபாவளியையொட்டி முளைத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைகின்றன. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு 2024இல் இதுகுறித்துப் பொதுமக்களை எச்சரித்தது.

ஆகவே, நம் பெயர் நமக்கு மட்டும் உரிய சொத்தன்று. பிறர் நம்மிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதைக் காப்பது தன்னலமாகாது. பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கும் அறமேயாகும்.

தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள், கள்வனை ஊக்குவித்தல், களவில் வந்ததைப் பெறுதல், போலியை மெய்யென வழங்குதல் ஆகியவற்றையும் சேர்த்துள்ளது. சிறு தரகுக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ முன்பின் அறியாதவருக்கு இரவல் தரும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். "நான் எதையும் திருடவில்லையே" என்னும் சமாதானம் இங்கே செல்லாது.

அப்படியாயின் ஏமாந்தவரும் குற்றவாளியா? அல்லர். களவின் பாவம் கள்வனையே சாரும். பிறருடைய கடவுச்சொல் முதலிய அடையாளங்களை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. எனினும், இம்சைக்கு வேராக நம் நூல்கள் கூறும் பிரமாதம் என்னும் சோர்வு என்னிடம் இருந்தது. அதனினும் பெரிய பிழை, அன்றிரவு நான் காத்த மௌனம். எண்ணைச் சொன்னது அறியாமை. ஏமாந்ததை மறைத்தது மானம் என்னும் கஷாயம். நான் அன்று மாலையே அனைவருக்கும் அறிவித்திருந்தால் அவள் கூலி தப்பியிருக்கும்.

எனவே சில நெறிகளை வேண்டிக்கொள்கிறேன். கைப்பேசிக்கு வரும் எண்ணை எவர் கேட்பினும் கூறாதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கேட்குமிடத்தில், இறுதி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகல் போதுமா என்று கேளுங்கள். உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பணம் கேட்டுச் செய்தி வந்தால், அவருடன் நேரில் பேசாமல் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்; விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. அதே வேளையில் உற்றார்க்கும் அறிந்தார்க்கும் வெட்கமின்றிச் சொல்லிவிடுங்கள்.

பின்னொரு நாள் மீண்டும் அம்மாணவியின் வீட்டிற்குச் சென்றேன். "என் பெயரை நம்பிக் கொடுத்தாய் அம்மா, அப்பெயரைக் கடனாளியாக விட்டுவிடாதே" என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றவள், பிறகு வாங்கிக்கொண்டாள். அன்றிரவுதான் எனக்கு உறக்கம் வந்தது.